தாய்க்குலம் காத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி

பிறந்தவர் அனைவரும் ஒரு நாள் மறைகின்றனர். மறைந்த பின்னும் மக்கள் நாவில் வாழ்பவர் மிகச் சிலரே. அத்தகைய சிலருள் ஒருவரின் பெயர் எங்கள் கொடுங்கையூர்த் தெருக்களில் நாள்தோறும் ஒலிக்கின்றது. ஒரு வீட்டில் மருமகள் முழுகாமல் இருக்கிறாள் என்ற செய்தி பரவியதும், தெருக்குழாயடியில் கூடும் பெண்கள் கேட்கும் முதற் கேள்வி, முத்துலட்சுமி பணத்துக்கு எழுதிக் கொடுத்தாயிற்றா என்பதுதான். பணம் வந்ததா, எத்தனை தவணை வந்தது, ஏன் இன்னும் வரவில்லை என்று அந்தப் பேச்சு நீளும்.

ஆனால் யார் அந்த முத்துலட்சுமி? எங்கள் வகுப்பில் கேட்டபோது விடை கூறியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஓர் அரசியல் தலைவரின் தாயார் என்றாள் ஒருத்தி. அந்தப் பணத்தை நன்கொடையாகத் தந்த சீமாட்டி என்றாள் மற்றொருத்தி. எங்களுக்கு நாணமாயிருந்தது. நம்மைச் சுமந்தபோது நம் அன்னையர் எத்தனையோ பேர் கையெழுத்திட்ட படிவத்தில் அச்சாகியிருந்த பெயர் அல்லவா அது! ஆகவே அந்த அம்மையாரின் வரலாற்றைத் தேடிப் படித்தோம். படித்ததை அன்புத் தோழியருடனும் பெற்றோருடனும் பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

பிறப்பும் இளமையும்

முத்துலட்சுமி அம்மையார் 1886-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30-ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி அய்யர், புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் பணியாற்றிய கல்விமான். தாயார் சந்திரம்மாள், இசைவேளாளர் மரபில் வந்தவர். அந்நாளில் அம்மரபுப் பெண்கள் பலர் சிறுவயதிலேயே பொட்டுக் கட்டிக் கோயில்களுக்கு விடப்பட்டனர். அவர்களை மணக்க எவரும் முன்வருவதில்லை. நாராயணசாமி அய்யர் முன்வந்தார். அதற்காகத் தம் சுற்றத்தாரின் வெறுப்பையும் தேடிக்கொண்டார். சாதியின் பெயராலும் பிறப்பின் பெயராலும் ஒரு பெண் எவ்வளவு துன்புறக் கூடும் என்பதை நம் அம்மையார் எந்த நூலிலும் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. வீட்டிலேயே கண்டு வளர்ந்தார்.

பூப்பெய்தியவுடன் பெண்ணைப் பள்ளியிலிருந்து நிறுத்துவது அக்கால வழக்கம். முத்துலட்சுமியும் நிறுத்தப்பட்டார். ஆயினும் தந்தையார் மகளின் அறிவுப் பசியை அறிந்திருந்தார். வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுக்க ஏற்பாடு செய்தார். 1902-இல் மெட்ரிகுலேஷன் தேர்வைத் தனித் தேர்வராக எழுதி அவர் வெற்றி பெற்றபோது ஊரே வியந்தது. மேற்கொண்டு படிக்க வேண்டுமானால் ஊரில் இருந்தது ஆண்கள் படிக்கும் மகாராஜா கல்லூரி ஒன்றுதான். ஒரு பெண்ணைச் சேர்த்தால் மாணவரின் ஒழுக்கம் கெடும் என்று எதிர்ப்பு எழுந்தது. புதுக்கோட்டை மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் எதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் அனுமதி வழங்கினார். உதவித்தொகையும் அளித்தார். அக்கல்லூரியின் முதல் மாணவி என்ற பெருமை இவ்வாறு அம்மையாருக்குக் கிட்டியது.

நாங்கள் இங்குச் சற்று நின்று எண்ணிப் பார்த்தோம். எங்களுக்கு இப்போது வயது பதினைந்து. நாள்தோறும் காலையில் சீருடை அணிந்து, சடை பின்னி, பேருந்தில் நெரிசலில் நின்று பள்ளிக்கு வருவதைச் சலிப்பாக எண்ணுகின்றோம். அந்தச் சலிப்புக்கும் ஒருவர் நமக்காக வழி அமைத்திருக்கின்றார்!

மருத்துவக் கல்லூரியில்

1907-இல் அம்மையார் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். இக்கல்லூரியில் பெண்கள் காலடி வைத்தது அதற்கு முன்பே நிகழ்ந்த செய்தி. 1875-இல் மேரி ஷார்லீப் என்ற ஆங்கில மாது அங்குச் சேர்ந்து பயின்றார். ஆண் மருத்துவரிடம் உடலைக் காட்ட நாணிப் பெண்கள் வைத்தியமின்றி மடிவதைக் கண்டு மனம் வருந்தியே அவர் மருத்துவம் கற்றார். திருவல்லிக்கேணியில் நம் பாட்டிமார் கோஷா ஆஸ்பத்திரி என்று அழைக்கும் மருத்துவமனை 1885-இல் அவர் முயற்சியால் எழுந்தது. அதுவே இன்றைய கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை. நம் வடசென்னையிலும் ராஜா சர் சவலை ராமசாமி முதலியார் என்ற வள்ளல் 1880-இல் இராயபுரத்தில் ஒரு பிரசவ மருத்துவமனையை நிறுவினார். அதைத்தான் நாம் ஆர்.எஸ்.ஆர்.எம். என்கின்றோம். நம் பள்ளியில் பயிலும் மாணவியருள் எத்தனையோ பேர் அங்கேதான் முதல் மூச்சை விட்டவர்கள்!

மருத்துவமனைகள் இருந்தன. ஆனால் பெண் மருத்துவர்கள் மிகச் சிலரே. அம்மையார் படித்தபோது அறுவை மருத்துவ வகுப்பில் பெண்களை அமரவிட மறுத்த ஆசிரியரும் இருந்தார். அதே பாடத்தில் அம்மையார் முதன்மை பெற்றுக் காட்டியதும் அவர் மனம் மாறினார். இளமையிலிருந்தே ஆஸ்துமாவும் பார்வைக் குறையும் அம்மையாரை வாட்டின. அவற்றோடு போராடியே 1912-இல் சிறப்புடன் பட்டம் பெற்றார். எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் பணி ஏற்ற முதல் பெண் ஹவுஸ் சர்ஜன் இவரே.

1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். கணவர் தம்மைச் சமமாக நடத்த வேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்ற நிபந்தனையுடன்தான் இசைந்தார். சுந்தர ரெட்டியும் சொன்ன சொல் தவறவில்லை. இரு ஆண் மக்கள் பிறந்தனர். மருத்துவமும் இல்லறமும் ஒருங்கே நடந்தன.

1923-இல் அம்மையாரின் வாழ்வில் ஒரு பேரிடி விழுந்தது. அருமைத் தங்கை புற்றுநோயால் மாண்டார். தொடக்கத்தில் அது சீதபேதி என்று தவறாகக் கருதப்பட்டு அதற்கே மருத்துவம் நடந்தது. உண்மை தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. தாமே மருத்துவராயிருந்தும் உடன்பிறந்தாளைக் காக்க இயலவில்லையே என்ற வேதனை அவர் நெஞ்சில் ஆறாத புண்ணாயிற்று. அதை அவர் மறக்கவில்லை என்பதைப் பின்னர்க் காண்போம். 1925-இல் அரசின் உதவித்தொகை பெற்று இலண்டன் சென்றார். அங்குச் செல்சி பெண்கள் மருத்துவமனையில் மகளிர், குழந்தைகள் நோய்களைக் குறித்து மேற்பயிற்சி பெற்றுத் திரும்பினார்.

சட்டசபையில் ஒரு மருத்துவர்

நல்ல வருமானம் தரும் மருத்துவத் தொழில் கையிலிருந்தது. அத்தருணத்தில் இந்திய மாதர் சங்கம் அவரைச் சென்னைச் சட்டசபைக்குச் செல்லுமாறு வேண்டியது. முதலில் தயங்கினார். ஒவ்வொரு நோயாளியாகக் குணமாக்குவது ஒரு வகைத் தொண்டு. நோய்க்குக் காரணமான வழக்கங்களைச் சட்டத்தால் நீக்குவது மற்றொரு வகைத் தொண்டு. இரண்டாவதற்கு ஆள் இல்லை என்பதால் ஒப்புக்கொண்டார். 1927-இல் சட்டசபையில் அமர்ந்தார். உறுப்பினர் அனைவரும் ஒருமனதாக அவரைத் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தனர்.

அங்கு அவர் செய்தவை பல. சிறுமியரைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டிவிடும் வழக்கத்தை ஒழிக்கத் தீர்மானம் கொண்டுவந்து போராடினார். அப்போராட்டம் 1947-இல் முழுமையான சட்டமாகக் கனிந்தது. பள்ளி மாணவருக்கு மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்றார். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி மருத்துவ வசதிகள் வேண்டும் என்று வலியுறுத்தினார்.

எங்கள் உள்ளத்தை மிகவும் தொட்டது அவர் பால்ய மணத்தை எதிர்த்துப் போராடியதே. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் தாயாகும் சிறுமியரை மகப்பேறு மருத்துவமனையில் அவர் கண்ணால் கண்டவர். அச்சிறுமியரின் எலும்புகள் முழு வளர்ச்சி அடைந்திரா. உடலில் இரத்தம் போதாது. பிரசவ வேதனை நாட்கணக்கில் நீடிக்கும். தாயும் சேயும் பிழைத்தாலும் தாயின் உடல் பிறகு தேறாது. இதையெல்லாம் சமய நம்பிக்கை என்றும் குடும்ப மரபு என்றும் மூடி மறைத்த பெரியோர் முன்னால், மருத்துவர் என்ற முறையில் உண்மையை எடுத்துரைத்தார். நாடெங்கும் எழுந்த இத்தகைய குரல்களின் பயனாக 1929-இல் சாரதா சட்டம் வந்தது. அதன்படி பெண்ணின் மண வயது பதினான்கு ஆயிற்று. 1949-இல் பதினைந்து என்றும் 1978-இல் பதினெட்டு என்றும் அது உயர்ந்தது.

தோழியரே, இந்தக் கணக்கைச் சற்றுப் பாருங்கள். 1929-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியும் கூட நாம் இன்று மணமாகக் கூடியவர்களே! நம் தெருக்களில் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்ட பெண்கள் இன்றும் உள்ளனர். அவர்களில் ஒருத்தியைச் சென்ற ஆண்டு கையில் குழந்தையுடன் கண்டோம். அவளுக்கு முத்துலட்சுமி பணம் கிடைக்கவில்லை. அந்த உதவிக்குப் பத்தொன்பது வயது நிறைந்திருக்க வேண்டும். வயது குறைந்த மணத்தைத் தடுப்பதற்காக வைத்த விதி அது, நியாயமான விதிதான். ஆயினும் அவளுடைய வெளிறிய முகத்தைப் பார்த்தபோது, விதி காப்பாற்ற நினைத்தவளே வெளியே நிற்கின்றாளே என்று எங்களுக்குத் தோன்றியது. அம்மையார் இருந்தால் அவளைக் கடிந்துகொள்ளாமல் முதலில் உள்ளே அழைத்து உட்கார வைத்திருப்பார் என்றே நம்புகின்றோம்.

அப்படி நம்புவதற்குக் காரணம் உண்டு. 1930-இல் பொட்டுக்கட்டும் வழக்கத்திலிருந்து தப்பி வந்த மூன்று சிறுமியர் அவர் வீட்டு வாயிலில் வந்து நின்றனர். மகளிர் விடுதிகள் அவர்களைச் சேர்த்துக்கொள்ள மறுத்தன. அம்மையார் தம் வீட்டிலேயே இடம் கொடுத்தார். அவர்களுக்காகத் தொடங்கியதுதான் அவ்வை இல்லம். இன்றும் அடையாற்றில் ஆதரவற்ற பெண் குழந்தைகளுக்கு அது நிழல் தருகின்றது. பெத்லகேமில் நிறைமாதத் தாய்க்கு இடமில்லை என்று கதவுகள் அடைபட்ட கதையை ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் நாம் நாடகமாக நடிக்கின்றோமே! அந்தக் கதவைத் திறந்தவர் இந்த அம்மையார். அதே 1930-இல் காந்தியடிகள் சிறைப்பட்டபோது சட்டசபைப் பதவியைத் துறந்தார்.

கன்னியர் செய்த தொண்டு

அம்மையார் சென்னையில் பாடுபட்ட அதே காலத்தில் நம் திருச்சபையிலும் ஒரு பெண் மருத்துவர் இதே பணியில் ஈடுபட்டிருந்தார். அவர் ஆஸ்திரேலியாவில் பிறந்த டாக்டர் மேரி குளோரி. 1920-இல் குண்டூருக்கு வந்து கன்னியர் மடத்தில் சேர்ந்து, போப்பாண்டவரின் தனி அனுமதியுடன் மருத்துவம் செய்தார். அந்நாளில் கன்னியர் மகப்பேறு மருத்துவம் பார்க்கத் திருச்சபை பொதுவாக இசைவு தந்ததில்லை. 1936-இல் ரோமாபுரியிலிருந்து வந்த அறிவுரையே அதற்கு வழி திறந்தது. 1943-இல் இந்தியக் கத்தோலிக்க மருத்துவமனைகளை ஒன்றிணைத்துச் சங்கம் அமைத்தவரும் மேரி குளோரி அம்மையாரே. தாய்மாரைக் காக்கும் பணிக்குச் சட்டசபையிலும் மடத்திலும் தடைகள் இருந்தன. இரண்டு இடங்களிலும் பொறுமையுள்ள பெண்களே அவற்றை அகற்றினர்.

புற்றுநோய் மருத்துவமனை

தங்கையின் மரணத்தை அம்மையார் மறக்கவில்லை என்றோமல்லவா? 1935-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில், புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை வேண்டும் என்ற எண்ணத்தை வெளியிட்டார். புற்றுநோய் வந்தவர் எப்படியும் இறக்கத்தானே போகின்றார், அவருக்கு எதற்கு மருத்துவமனை என்று பதவியில் இருந்தோரே கேட்ட காலம் அது. அம்மையார் சோர்வடையவில்லை. 1949-இல் மாதர் சங்கத்தின் வாயிலாக நிதி திரட்டத் தொடங்கினார். 1952-இல் பிரதமர் நேரு அடையாற்றில் அடிக்கல் நாட்டினார். 1954-இல் பன்னிரண்டு படுக்கைகளுடன் மருத்துவமனை திறக்கப்பட்டது. அப்போது அம்மையாருக்கு அறுபத்தெட்டு வயது நெருங்கிக்கொண்டிருந்தது! அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், பின்னர் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தா அம்மையாரும் அதைப் போற்றி வளர்த்தனர்.

இம்மருத்துவமனைக்கும் தாய்மாரின் நலத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். சென்னைப் பெண்களை நெடுங்காலம் மிகுதியாகத் தாக்கிய புற்றுநோய் கருப்பைவாய்ப் புற்றுநோயே. ஏழைப் பெண்கள் வெளியில் சொல்ல நாணி மறைத்து வைத்து, முற்றிய பின் வருவர். தொடக்கத்தில் கண்டால் குணமாக்கக் கூடிய நோய் அது. அடையாறு மருத்துவமனை ஏழைகள் பலருக்கு இலவசமாகவோ குறைந்த செலவிலோ சிகிச்சை அளித்து வருகின்றது. பணம் இல்லாத காரணத்தால் ஒருவர் திரும்பிப் போகக் கூடாது என்பது அதை நிறுவியோரின் கொள்கை.

1956-இல் பாரத அரசு அம்மையாருக்குப் பத்மபூஷண் விருதளித்துச் சிறப்பித்தது. 1968-ஆம் ஆண்டு ஜூலை 22-ஆம் நாள் அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

பெயர் தாங்கிய திட்டம்

ஏழைக் கர்ப்பிணிகளுக்கு உதவித்தொகை அளிக்கும் திட்டத்தைத் தமிழக அரசு 1980-களின் இறுதியில் தொடங்கியது. அதற்குச் சூட்டப்பட்டது முத்துலட்சுமி அம்மையாரின் திருப்பெயர். முதலில் அத்தொகை ரூ. 300. 2006-இல் ரூ. 6,000 ஆயிற்று. 2011-இல் ரூ. 12,000 ஆயிற்று. 2018 முதல் ஊட்டச்சத்துப் பெட்டகத்தையும் சேர்த்து ரூ. 18,000 என உயர்ந்தது. இரண்டு பிரசவங்கள் வரை இவ்வுதவி உண்டு.

இப்பணம் ஒரே முறையில் தரப்படுவதில்லை. கருவுற்றதும் பன்னிரண்டு வாரத்துக்குள் பெயரைப் பதிந்து பிக்மி எண் பெற வேண்டும். மாதந்தோறும் பரிசோதனைக்குச் செல்ல வேண்டும். அரசு மருத்துவமனையில் பிள்ளை பெற வேண்டும். குழந்தைக்குத் தடுப்பூசி போட வேண்டும். ஒவ்வொரு படியையும் ஒட்டியே தவணை வரும். இதன் நோக்கம் எங்களுக்கு முதலில் விளங்கவில்லை. எங்கள் பகுதி மாநகராட்சி சுகாதார நிலையச் செவிலியர் அக்கா விளக்கினார். குப்பை மேட்டில் பிளாஸ்டிக் பொறுக்கும் பெண்ணோ, நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்க்கும் பெண்ணோ ஒரு நாள் பரிசோதனைக்கு வந்தால் அன்றையக் கூலி போய்விடும். கூலியை எண்ணிப் பரிசோதனையைத் தவிர்ப்பாள். இரத்தசோகையும் இரத்தக்கொதிப்பும் தெரியாமலே முற்றும். அந்தக் கூலிக்கு ஈடாகத்தான் இப்பணம்.

தொழிற்சாலையில் நிலையான வேலை உள்ள பெண்களுக்கு ஈ.எஸ்.ஐ. காப்பீடு உண்டு. 2017 முதல் முதலிரண்டு பேறுகளுக்கு இருபத்தாறு வாரம் வரை ஊதியத்துடன் பேறுகால விடுப்பும் உண்டு. எங்கள் பகுதியில் வீட்டு வேலைக்கும் கூலி வேலைக்கும் போகும் தாய்மாருக்கு அவை எட்டாக் கனி. அவர்களுக்கு அரசு மருத்துவமனையும், முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையும், அம்மையார் பெயரிலான உதவியுமே துணை. தவணை தாமதமாவதும் உண்டு, ஆதார் எண்ணில் ஓர் எழுத்துப் பிழைக்காக அலைவதும் உண்டு. அப்போது படிவத்தை நிரப்பித் தரவும் வங்கிக் கணக்கைச் சரிபார்க்கவும் எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு பெண் அருகில் இருந்தால் போதும். அந்தப் பெண் நாமாக இருக்கலாமே!

எங்களில் ஒருத்தியின் பாட்டியார் காசிமேட்டுக் குடிசையில் மருத்துவச்சியின் கையால் ஏழு பிள்ளைகளைப் பெற்றவர். நான்கே தங்கின. இழந்த மூவரையும் இன்றும் பெயர் சொல்லி நினைவுகூர்கின்றார். அவருடைய பேத்திகளின் காலத்தில் தமிழ்நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனையிலேயே நடக்கின்றன. 2018–20 கணக்கின்படி இந்தியாவில் ஒரு இலட்சம் பிறப்புக்கு 97 தாய்மார் இறந்தனர். தமிழ்நாட்டில் அந்த எண் 54. முன்னேற்றந்தான். ஆயினும் அந்த ஐம்பத்து நான்கு பேரும் யாரோ ஒரு குழந்தையின் அம்மா.

நாம் செய்ய வேண்டியது

தேவதாய், எலிசபெத்தம்மாள் முதிர்ந்த வயதில் கருவுற்றிருப்பதை அறிந்ததும் மலைநாட்டுக்கு விரைந்து சென்று மூன்று திங்கள் உடனிருந்தார். ஜெபமாலையில் மகிழ்ச்சி நிறை மறையுண்மைகளுள் இரண்டாவதாக இதையே நாம் தியானிக்கின்றோம். கருவுற்ற பெண்ணுக்குத் துணை நிற்பது அத்துணைப் புனிதமான செயல். முத்துலட்சுமி அம்மையார் வேறு சமயத்தைச் சார்ந்தவர். ஆயினும் வாழ்நாள் முழுவதும் அவர் செய்ததும் அந்தப் பயணமே.

நம் பள்ளியில் பயில்வோருள் சிலர் மருத்துவராகவும் செவிலியராகவும் ஆகக் கூடும். எல்லோரும் ஆகிவிட முடியாது. ஆனால் பதினெட்டு வயதுக்கு முன் மணத்துக்கு இசையாதிருக்க எல்லோராலும் முடியும். பள்ளியை விட்டு நின்ற தோழியைத் தேடிச் சென்று பேச முடியும். பக்கத்து வீட்டு அக்காவின் பரிசோதனை நாளை நினைவூட்ட முடியும். உடல்நோயை நாணத்தால் மறைக்கும் அன்னையை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல முடியும். அடுத்த முறை குழாயடியில் முத்துலட்சுமி பணம் என்ற பேச்சு எழும்போது, அந்தப் பெயருக்கு உரியவர் யார் என்று சொல்லவும் நம்மால் முடியும்.

வாழ்க அம்மையாரின் திருப்பெயர்! அவர் திறந்து வைத்த வழியில் நாமும் நடக்க இறைவன் அருள்புரிவாராக!

— பத்தாம் வகுப்பு மாணவி